இருபதாவது வினாடிக்குப் பிறகு

2023 ஜூன் 6, செவ்வாய்க்கிழமை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையின் அலுவலகத் தொலைபேசியில், காத்திருப்போர் கேட்கும் இசை மாற்றப்பட்டது. தொலைபேசி இணைப்புப் பெட்டியோடு வந்த ‘டிங் டிங்’ ஓசை மேலாளர் துளசிராமனுக்குப் பிடிக்கவில்லை. பெண் குரல் வேண்டும் என்றார். வரவேற்பில் இருந்த கல்பனாவே தன் செல்போனில் பேசிப் பதிவு செய்தாள். “வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து காத்திருங்கள்.” ஏழாவது முறை பேசியதுதான் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. முதல் பத்து வினாடியைக் கேட்டுவிட்டு டெக்னீஷியனுக்கு அனுப்பினாள். அவன் அதைப் பெட்டியில் ஏற்றி, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்துவிட்டுப் போனான்.

அழைப்பவர்கள் பெரும்பாலும் சில வினாடிகளில் பேச வேண்டியவரோடு பேசிவிடுவார்கள். பூவம்மாள் மட்டும்தான் பத்து நிமிடம் காத்திருப்பாள். அவள் கணவன் கலியன் பழவேற்காட்டுக்காரன், ஒப்பந்தத் தொழிலாளி. ஏப்ரலில் வார்ப்பு அச்சு விழுந்து அவன் வலது கை விரல்கள் மூன்று நசுங்கிப்போயின. விபத்து அறிக்கையில் ஆலை கையெழுத்திட்டால்தான் இ.எஸ்.ஐ.யில் இழப்பீடு ஏதாவது கிடைக்கும். துளசிராமன் போடுகிறேன் என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை. “லைன்ல போடு” என்பார். கல்பனா போடுவாள். கொஞ்ச நேரத்தில், காத்திருப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு தானாக அணைந்துவிடும்.

15ஆம் தேதி கல்பனா லீவு. பொதட்டூர்பேட்டையில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆபீஸ் பீரோ சாவி கைப்பையிலேயே வந்துவிட்டதைப் பார்த்து, பந்தலுக்குப் பின்னால் நின்று ஆபீசுக்கு அழைத்தாள். “ஒரு நிமிஷம்கா, சாரக் கேட்டுக்கினு வர்றேன்” என்று, அன்று அவள் இடத்தில் இருந்த பானு காத்திருப்பில் போட்டாள்.

தன் குரலைக் கேட்கக் கல்பனாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருபது வினாடி கழித்து நாற்காலி நகரும் சத்தம் வந்தது. பதிவு செய்த அன்று பேசி முடித்ததும் நிறுத்தாமல் போனை மேசையில் வைத்திருக்கிறாள். பிறகு அவள் குரலும் துளசிராமன் குரலும் வந்தன.

“சார், அந்தப் பழவேற்காட்டம்மா மறுபடியும்.”

“இன்னாமா பேஜாரா போச்சு. லைன்லயே வெச்சிரு. அலுத்துக்கினு போயிரும்.”

அடுத்து வந்தது மூக்கால் இழுத்த கல்பனாவின் குரல். “‘எம்மா, எங்கூட்டுக்காரரு கையி, சோத்தக்கூட பெசய முடியலமா...’ டெய்லி இதே பாட்டு சார்.” இரண்டு பேர் சிரித்தார்கள். “வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.”

பானு வருவதற்குள் அது மூன்று முறை சுற்றி வந்தது. பூவம்மாள் இந்தப் பத்து நாளில் ஒருநாளும் அழைக்காமல் இருந்ததில்லை. பந்தியில் யாரோ கல்பனாவைக் கூப்பிட்டார்கள். பசியில்லை என்றாள்.

மறுநாள் போய் முதல் வேலையாகப் பதிவைப் பெட்டியிலிருந்து எடுக்கச் செய்தாள். பதினொன்றே காலுக்கு மணி அடித்தது.

“எம்மா, பூவம்மா பேசுறேன். சார் கீறாரா?”

“சொல்லுங்கம்மா.”

“லைன்ல போடலியா?”

“இல்லம்மா. அந்த ரெக்கார்டு... முழுசா கேட்டீங்களா?”

“கேட்டேனே. எவ்ளோ நேரம் காதுல வெச்சினு நிக்கிறது? ஸ்பீக்கர்ல போட்டுட்டு மீன் ஆய்வேன். அவரும் பக்கத்துல குந்திக்கினு இருப்பாரு.” குரலில் குத்தல் இல்லை. “அப்டியே என்ன மாதிரியே பேசுற கண்ணு. மொத நாளு அவருகூட சிரிச்சாரு.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். “சார்கிட்ட கேட்டுட்டு நானே கூப்புடுறேம்மா” என்றாள். இதே வாக்கியத்தை முன்பும் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

விபத்து அறிக்கைப் படிவத்தைத் துளசிராமன் முன்னால் வைத்து, செல்போனில் பதிவை ஓடவிட்டாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“யார் யார் கேட்டாங்க இத?”

“அந்தம்மா. அவங்க ஊட்டுக்காரரு.”

“கஸ்டமர் யாராச்சும்?”

“தெரியல சார்.”

அவர் பேனாவைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அறிக்கையை வாங்கிக்கொள்ளக் கலியன் தனியாக வந்தான். கல்பனா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்கக் காலையிலிருந்து அவள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். அதற்குள் மணி அடித்தது. எடுத்து, “ஒரு நிமிஷம் சார்” என்று பழக்கத்தில் காத்திருப்பில் போட்டாள். கலியன் சிவப்பு விளக்கைப் பார்த்தான். பிறகு கட்டுப் போட்ட கையால் பதிவேட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு இடது கையால் கையெழுத்துப் போட்டான். அதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.