ஊசிக்கு ஒரு பர்கர்

சரணுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போட்டபோது அவன் போட்ட கூச்சலில் கிளினிக்கே அதிர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அப்பா விஷ்ணு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த பர்கர் கடைக்குள் நுழைந்தான். பொரித்த உருளைக்கிழங்கு ஒன்றை வாயில் வைத்ததும் அழுகை நின்றுவிட்டது. பிள்ளை வளர்ப்பின் ரகசியமே கைக்கு வந்துவிட்டதாக விஷ்ணுவுக்கு ஒரே பெருமை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊசிக்கு ஒரு பர்கர் என்பது சட்டம்.

சட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குத் திருத்தங்களும் வரும். முடிவெட்டிக்கொண்டால் ஒன்று. அம்மா மீட்டிங்கில் இருக்கும்போது கத்தாமல் இருந்தால் ஒன்று. மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது காரணமே தேவைப்படவில்லை. பூந்தமல்லி பக்கம் பாரிவாக்கத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் டெலிவரிக்காரர்கள் வாட்ச்மேனிடம் வழி கேட்காமல் ஏறிப்போன வீடு அது ஒன்றுதான்.

சரணின் அம்மா கிருஷ்ணப்பிரியா கெட்ட தாய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் பாயக் கூடாது. ஐ.டி. வேலைக்கு நடுவே அவளும் சமைத்துத்தான் பார்த்தாள். கீரையை அவன் தட்டிலேயே துப்பினான். கொஞ்சம் கண்டித்தால் விஷ்ணு குறுக்கே வந்து நிற்பான். உளுந்தூர்பேட்டையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் பேக்கரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பப்ஸைப் பார்த்துவிட்டு மட்டும் வீட்டுக்குப் போனவன் அவன். "எனக்குத்தான் கெடைக்கல, எம்புள்ளயாவது திங்கட்டும்" என்பான். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

பிள்ளை மொழுமொழுவென்று வளர்ந்தான். ஊருக்குப் போனால் அவன் கன்னத்தைக் கிள்ளாத கை இல்லை. பிறகு ஒருநாள் பின்கழுத்து கறுத்திருப்பதைக் கிருஷ்ணப்பிரியா பார்த்தாள். மை தடவினது போல ஒரு பட்டை. வெயிலில் ஆடுகிறான், அழுக்கு சேர்ந்துவிட்டது என்றாள். போனைப் பிடித்துக்கொண்டு சோபாவில் கிடக்கிற பிள்ளைக்கு வெயில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலைமாவில் தயிரைக் குழைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள்.

"எரியுதும்மா."

"அழுக்குடா. அசையாம நில்லு."

தோல் சிவந்தது. கறுப்பு போகவில்லை.

எதிர்வீட்டு லத்தீஃபா பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் லிஃப்டில் சரணைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! புள்ள பூசணிக்கா கணக்கா கீறானே!" என்று அவன் மோவாயைத் தொட்டுக் கொஞ்சினாள். கண் பட்டுவிடக் கூடாது என்றுதான் முஸ்லிம்கள் 'மாஷா அல்லாஹ்' என்ற வார்த்தையை முதலில் சொல்வது. அது கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரியாது. பூசணிக்காய் மட்டும் அவள் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகுதான் சரண் இளைக்கத் தொடங்கினான். டிரவுசர் இடுப்பில் நிற்கவில்லை. சாப்பாடு ஒன்றும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தான். எட்டு வயதுப் பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைத்தான். வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள்.

"எல்லாம் அந்தம்மா கண்ணுதாங்க" என்றாள் கிருஷ்ணப்பிரியா. மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் பட்ட கண் பொல்லாத கண் என்று அர்த்தமாம். தலைக்கு மேலே சமையலறைச் சிம்னி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது அவள் நினைவில் இல்லை.

விஷ்ணுவுக்கும் கவலைதான். பிள்ளையின் விலா எலும்பு தெரிவதை அவனால் பொறுக்க முடியவில்லை. இளைத்த உடம்பு தேற வேண்டுமென்று இரண்டு இரண்டாக வாங்கிவந்தான்.

பிறகு எறும்பு வந்தது. சிற்றெறும்பு, சாரை சாரையாக. பர்கர் டப்பாவுக்குத்தான் வருகிறது என்று கிருஷ்ணப்பிரியா குப்பைக்கூடையைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். கூடைக்குள் கெட்சப் பாக்கெட் பிதுங்கிக் கிடந்தது. எறும்பு அதைச் சீந்தக்கூட இல்லை. வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக, நேரே குளியலறைக்குப் போயிற்று. அங்கே சரண் கழற்றிப் போட்டிருந்த ஈர ஜட்டியின் மேல் கறுப்பாக மொய்த்திருந்தது. அவள் அதை வாளியில் முக்கிவிட்டு, குளியலறை வாசலிலும் ஒரு கோடு போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் லத்தீஃபா கதவைத் தட்டினாள். வீடு மாறி அவளிடம் வந்திருந்த பார்சல் ஒன்று அவள் கையில் இருந்தது. கதவு திறந்ததும் அவள் பார்வை தரையில் ஓடிய எறும்பின் மேலும், பால்கனியில் காய்ந்த மெத்தையின் மேலும், சுருண்டு படுத்திருந்த சரணின் மேலும் போயிற்று.

"கோச்சிக்காதம்மா, ஒண்ணு சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்தினாள். "எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் பாத்ரூம்ல எறும்பு மொச்சிகினு இருந்திச்சி. அப்பால டெஸ்ட் பண்ணா சக்கரைன்னாங்க. புள்ளைய ஒருதபா டாக்டராண்ட இட்டுகினு போய்க் காட்டேன்."

"எட்டு வயசுப் புள்ளைக்கா சர்க்கரை? காலங்காத்தால வாசல்ல நின்னு என்ன வார்த்தை பேசறீங்க?" கிருஷ்ணப்பிரியா பார்சலைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய பிறகு அவள் கதவைவிட்டு நகரவில்லை. அவளுடைய அப்பாவும் சர்க்கரைக்காரர். ஊர் வீட்டுக் கழிவறையில் எறும்பைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

"ஏங்க, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?"

"ஊசின்னா ஊரையே கூட்டுவான் பிரியா. பாவம், ஏற்கெனவே சோர்ந்து கெடக்கான். திங்கக்கிழமை பாக்கலாம். நாளைக்கு மொதல்ல மாங்காடு கோயிலுக்குப் போயிட்டு வந்துடுவோம்."

திங்கட்கிழமை என்றதும் அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் ஏறும்போதே சரணுக்குக் கால் நிற்கவில்லை. "தண்ணி" என்றான். கொண்டுவந்த பாட்டில் காலியானதும் விஷ்ணு வண்டியை நிறுத்தி, பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலாகவே வாங்கிக் கொடுத்தான். குளுக்கோஸ் ஏறினால் தெம்பு வரும் என்றான். சரண் பாதிக்கு மேல் குடித்தான். மாங்காடு வருவதற்குள் அத்தனையும் அம்மா மடியில் வாந்தியாக வந்தது. பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஓடி வந்தவனைப் போல நெஞ்சு ஏறி இறங்கியது, கண் மட்டும் செருகிக்கொண்டே போயிற்று. அவன் வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

"வண்டியத் திருப்புங்க" என்று அலறினாள் கிருஷ்ணப்பிரியா.

நசரத்பேட்டை நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கருவியில் எண்ணே வரவில்லை. சர்க்கரை தன் அளவையே தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. சட்டையைக் கழற்றிய நர்ஸ் அவன் கழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னாம்மா இது, இப்படி உரிஞ்சி கீது?"

"அழுக்குன்னு நெனச்சேன்" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"அது அழுக்கில்லம்மா, சர்க்கரை வரப்போகுதுன்னு உடம்பு காட்டுற அடையாளம். கழுத்து கறுத்து எவ்வளவு நாளாச்சு?" என்று டாக்டர் நிவேதிதா கேட்டாள். கிருஷ்ணப்பிரியா கழற்றிய சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "கடைசியா என்ன குடிச்சான்?" விஷ்ணுவின் கையில் அந்தப் பாட்டில் இன்னும் இருந்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, செய்தி கேட்டு லத்தீஃபா பிளாஸ்க்கில் டீயோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் கிருஷ்ணப்பிரியாவுக்கு இல்லை. டீயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். நினைவு திரும்பியதும் டாக்டர் பெற்றவர்கள் இருவரையும் கூப்பிட்டாள். "தினமும் இன்சுலின் ஊசி போடணும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாடியும். பின்னாடி கொறைக்க முடியுமான்னு பாக்கலாம், இப்ப சொல்ல முடியாது. வீட்டுல நீங்கதான் போடணும், கத்துக்குங்க."

நர்ஸ் காட்டியபடி கிருஷ்ணப்பிரியா பிள்ளையின் வயிற்றுத் தோலை இரு விரலால் பிடித்தாள். அள்ளிக் கொஞ்சிய வயிற்றில் இப்போது பிடிக்கவே சதை இல்லை. ஊசியை இறக்கினாள். கூச்சலுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சரண் அழவில்லை. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அப்பாவைத் தேடினான்.

"நான் அழவே இல்லப்பா. வா, கடைக்குப் போலாம்."

விஷ்ணு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சமத்துப் புள்ளடா நீ" என்று நர்ஸ் அவன் தலையைத் தடவினாள். "ராத்திரிக்கு இன்னொரு ஊசி கீது. அதுக்கும் இப்படியே அழாம இருக்கணும், இன்னா?"

வற்றிப்போயிருந்த அந்த முகம் மலர்ந்தது.

"அப்ப ரெண்டாப்பா?" என்றான் சரண்.