ஒரு சுற்று கருப்பு டேப்

என் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவளிடம் இருப்பது ஒரே கார், அதற்கு வயது இருபத்திரண்டு. அதைப் பழுது பார்க்கிற மெக்கானிக் நான். அண்ணனே மெக்கானிக் என்று அவள் ஊரெல்லாம் பெருமை அடித்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்று மாதமாக அந்தக் கார் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் மட்டும் குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறும், சில நேரம் அணைந்தே போகும். நான் பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்ல. உன்கிட்ட கத்துக்க வர்றவங்க கிளட்ச்ச வதைக்கிறாங்க. ஒழுங்கா காலை எடுக்கச் சொல்லிக் குடு," என்று ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் சிரிக்கும்படி சொன்னேன். அவள் அதை அப்படியே நம்பினாள்.

அவளிடம் அதிகம் திட்டு வாங்கியது, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு தையல்காரம்மா. லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறையும் இதே கார் நிறுத்திய இடத்தில் அணைந்து, ஃபெயில். நாளை மூன்றாவது டெஸ்ட். பாஸானால்தான் தையல் கம்பெனியில் டெலிவரி வண்டி ஓட்டும் வேலை கிடைக்கும்.

இன்று காலை தங்கை அந்தம்மாவையும் காரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஒரே ஒரு தடவை பாருண்ணே. அந்தம்மா வீட்ல நாற்காலியில உக்காந்து கிளட்ச் மிதிச்சுப் பழகுறாங்களாம்."

முனகிக்கொண்டே பானட்டைத் திறந்தேன். தையல்காரம்மாவை உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இன்ஜின் உதறியது. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்ப மாட்டினேன். முதல் மூன்றைக் கழற்றியபோது உதறல் கூடியது. நான்காவதைக் கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல் சும்மாதான் இருந்தது. பிளக்கை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. எங்கோ காற்று புகுகிறது என்று நான்காவது சிலிண்டர் பக்கம் தண்ணீரைத் தெளித்தேன். ஒரு ரப்பர் குழாயின் முனை நனைந்ததும், தண்ணீர் கிழிசலை அடைத்ததில் இன்ஜின் இரண்டு நொடி சீராக ஓடியது.

அந்த முனையில் பிரிந்து தொங்கியது கருப்பு டேப். நான் சுற்றியது.

மூன்று மாதம் முன்பு கேஸ்கெட் மாற்றும்போது அந்தக் குழாய் என் கையில் கிழிந்தது. புதுக் குழாய் இல்லை. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றிவிட்டு, சுத்தமாக மறந்துபோனேன்.

புதுக் குழாய் மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டேப்பை யாரும் பார்க்காமல் சட்டைப் பைக்குள் திணித்தேன். "சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்தான்," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

தையல்காரம்மா காரை வாசல்வரை ஓட்டி நிறுத்தினாள். நின்ற இடத்தில் இன்ஜின் உதறாமல் ஓடியது. "பாத்தீங்களா, இன்னைக்கு கிளட்ச்சுல இருந்து காலை எவ்வளவு அழகா எடுத்தீங்க! நாளைக்கும் இப்படியே பண்ணுங்க," என்றாள் தங்கை.

தையல்காரம்மா இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, இத்தனை நாள் என் காலால உங்களுக்குக் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். டெஸ்டில் பாஸாகிவிடுவாள். ஆனால் காலமெல்லாம் தன் கால்மேல் சந்தேகத்தோடு ஓட்டுவாள். பைக்குள் டேப் விரலில் ஒட்டியது. எடுத்து நீட்டினேன்.

"இதுதான் கோளாறும்மா. நான் சுத்தினது, மூணு மாசம் முன்னாடி. மாத்த மறந்துட்டேன். உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல."

தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

தையல்காரம்மா டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த ரெண்டு தடவையும் நான் நல்லாத்தான் ஓட்டுனேனா அண்ணே?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.