இரு கரைக்கும் ஒரு கிதார்

ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கும் பாலிக்சியில் உலான் என்ற மேல்காற்று அடிக்கும் நாட்களில், திறந்தவெளியில் வாசிக்கும் இசை அங்கே யாருக்கும் கேட்பதில்லை. காற்று அதை அப்படியே தூக்கி ஏரிக்கு மேலாகக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் கிழக்குக் கோடியில் இருக்கும் கரகோலில் இறக்கிவிடும். பேச்சையோ, நாய் குரைப்பதையோ, லாரிச் சத்தத்தையோ அது தொடாது; இசையையும் கைத்தட்டலையும் மட்டும் எடுக்கும். மின்கம்பி வழியாக ஓடி ஒலிபெருக்கியில் வெளிவருவதையும் ஏனோ விட்டுவிடும். இதனால் மீன் விலை ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை என்பதால் ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் புருலாய் ஒவ்வொரு கோடையிலும் படகு விழா மேடையில் கிதார் வாசித்தாள். ஒவ்வொரு கோடையிலும் அன்றைக்கென்று பார்த்து உலான் அடித்தது. எதிரே மைக் வைத்துப் பார்த்தார்கள். இசை மைக்கை எட்டுவதற்குள் காற்று முந்திக்கொண்டது. ஊர் கண்டதெல்லாம், நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து விரலை ஆட்டிவிட்டு எழுந்து போவதைத்தான். கரகோலில் அவளுடைய மெட்டுகளுக்குக் கல்யாண வீடுகளில் ஆடினார்கள். பந்தயக் குதிரை ஒன்றுக்கு அவற்றில் ஒன்றின் பெயரையே வைத்திருந்தார்கள். பயணிகள் வந்து சொல்லும்போது புருலாய் சிரித்துக்கொள்வாள், ஆனால் நம்பமாட்டாள். தூரத்து ஆட்கள் மரியாதைக்குச் சொல்வார்கள். தான் வாசிப்பது தேறுமா தேறாதா என்பது சொந்த ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் நினைத்தாள்.

அவள் வீட்டுக்குள் வாசிப்பதைக் கேட்டிருந்தவள் ஒருத்திதான்: அடுத்த வீட்டு சோனுன், நெடுஞ்சாலையோரம் புகைபோட்ட மீன் விற்பவள். எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டதற்கு, “செவுத்தைக் கேளுடி, அதுதான் முழுசா கேட்டுச்சு. நான் பாதியில தூங்கிட்டேன்” என்றாள்.

அந்த வருடம் புருலாய் முடிவெடுத்தாள். வயிற்றுக்குள்ளேயே ஓசையைப் பிடித்து வயரில் அனுப்பும் பிக்கப் வைத்து, வயர் மாட்டும்படியான கிதார் ஒன்று வாங்காமல் மேடையேறுவதில்லை. பனிக்காலம் முழுக்கச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, தலைநகர் பிஷ்கெக்கில் மீன் போடப் போன சோனுனோடு கிளம்பி, சந்தைக்குப் பின்னால் இருந்த கென்னாதியின் கிதார்க் கடைக்குப் போனாள். முதலில் தானே வாசித்துப் பார்த்தாள். எல்லாமே நன்றாக இருந்தது, அதுதான் அவளுக்குச் சந்தேகமாகப் பட்டது. கிதார் நெஞ்சோடு ஒட்டியிருக்கையில் மரத்தின் ஓசைதான் காதில் விழுகிறது. எதிரே நிற்பவனுக்குக் கிடைப்பதோ வயரில் வருவது. தேர்ந்தெடுக்கிறவள் வாசிக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்தது. கிதாரைச் சோனுன் மடியில் வைத்துவிட்டு, கடையின் பின்சுவர்வரை போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“எனக்கு மீன் அறுக்கத்தான் தெரியும்.”

“கம்பியை மேலருந்து கீழ ஒரு இழுப்பு இழுங்கக்கா, போதும்.”

பெரிய உடம்புக்காரக் கிதார் முதலில் தேனாக ஒலித்தது. சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றியதும், ஒலிபெருக்கியின் ஓசை அதன் வயிற்றுக்குள் புகுந்து ஊளையாகத் திரும்பியது. தெருநாய்கள் வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் ஓநாய்க்கு அவை நகர்ந்து இடம் கொடுத்தன. அடுத்தது பிளாஸ்டிக் தாளில் மழை விழுவதுபோல் சலசலத்தது. மூன்றாவது, கிட்டத்தட்ட பலகைபோல ஒல்லியானது. ஊளை இல்லை, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது.

“மேடைக்குன்னே பொறந்தது இது. எடுத்துட்டுப் போ தங்கச்சி” என்றார் கென்னாதி.

“வயரைக் கழட்டிட்டு ஒருதரம் இழுங்கக்கா.”

சோனுன் இழுத்தாள். கொசு பறந்த மாதிரி இருந்தது.

“இது வேண்டாம்ண்ணே.”

“ஏம்மா, வயர் இல்லாமலா மேடையில வாசிக்கப்போற?”

“வயர்ல வர்றது எங்க ஊருக்கு. மரத்துல வர்றதைக் காத்து எடுத்துட்டுப் போகும். அந்தக் கரையில கேக்கறவங்க இருக்காங்க.”

“இவளுக்கு அந்தக் கரை சொல்றதுல நம்பிக்கையும் இல்ல, அதை விடவும் மனசு வரல” என்றாள் சோனுன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜன்னலோரம் வெயிலில் நிறம் மங்கிப்போன நடுத்தர உடம்புக்காரக் கிதார் ஒன்றை இறக்கினார். வயர் இல்லாமல் இழுத்தபோது அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. வயர் மாட்டியதும் ஊளை எட்டிப்பார்த்தது. பக்கவாட்டில் இருந்த சிறு குமிழைக் கென்னாதி மெல்லத் திருகி, ஊளை கிளம்பும் சுரத்தை மட்டும் அடக்கினார். நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. ஓநாய் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டுப் போனது. புருலாய் அதையே வாங்கினாள்.

விழா அன்று உலான் மணலை வாரி அடித்தது. அவள் வயரை மாட்டி முதல் கம்பியைத் தொட்டதும், ஊர் முதன்முறையாக அவள் வாசிப்பைக் கேட்டது. மீனவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். டிரைவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். முகங்களை நன்றாகப் பார்ப்பதற்குள், மெட்டு பாதியில் இருக்கும்போது, காற்று மின்கம்பம் ஒன்றைச் சாய்த்தது. ஒலிபெருக்கி செத்துப்போனது. மறுபடியும் வெறும் விரல்கள். எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் முதல் பாதி ஏற்கெனவே ஏரியின் மேலே போய்க்கொண்டிருந்தது. கரகோலுக்கு அரைகுறையாக அனுப்ப அவளால் முடியாது. குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தாள்.

“நிறுத்தாதடி! பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்!” என்று சோனுன் கத்தினாள்.

யாரும் எழுந்து போகவில்லை. கேட்காத மெட்டின் மிச்சத்தையும் முடியும்வரை ஊர் பார்த்தது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலையும் உலான் எடுத்துக்கொண்டு போனது.

மறுநாள் காலை காற்று திசைமாறி, கிழக்கிலிருந்து சாந்தாஷ் வீசியது. கரகோலின் கைத்தட்டல் ஏரியைத் தாண்டி வந்து நெடுஞ்சாலை நெடுகப் பொழிந்தது. சோனுன் மீன்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, பயணச்சீட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“உனக்கு வந்ததுதான், வெளிய வந்து வாங்கிக்க. என் மீனெல்லாம் அதிருது.”

புருலாய் வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே, “நேத்து எப்படி இருந்துச்சுக்கா?” என்றாள்.

சோனுன் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலை மேலங்கியில் துடைத்தாள்.

“தூங்கலைடி” என்றாள்.

புருலாய் தலையாட்டிவிட்டு, வரிசையில் நின்றவருக்குக் கரகோலுக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து படகு விழாவுக்கு மறுநாள் மட்டும், கைத்தட்டல் ஓய்ந்த பிறகுதான் பாலிக்சியில் மீன்கடை விரிக்கிறார்கள்.