கெடு வருமுன் மாற்றிய எண்ணெய்

என் கணவருக்கு 'அப்புறம்' என்று பெயர் வைத்தவர் என் நாத்தனார். எதைச் சொன்னாலும் அப்புறம் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போடுவதால் வந்த பெயர் அது. நாத்தனார் தொலைபேசியில் அழைத்தால், "என்ன அண்ணி, அப்புறம் எந்திரிச்சாச்சா, இல்ல அதுவும் அப்புறம்தானா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். குழாய் சொட்டினால் என் கணவர் அதன் கீழே வாளியை நகர்த்தி வைப்பாரே தவிர, வாஷரை மாற்ற மாட்டார். திருமணமான நாள்முதல் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி நானும் ஓய்ந்துபோயிருந்தேன்.

அப்படிப்பட்டவர், வேறு ஊரில் வேலை கிடைத்து, முதலில் தான் மட்டும் போய்ப் பார்ப்பதாகவும் குடும்பத்தைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம் என்றும் சொன்ன பின்பு, ஆளே மாறிவிட்டார். குழாய்க்கு வாஷர் வந்தது. சாப்பாட்டு மேசையின் ஆட்டம் நின்றது. மகள்கள் இருவரின் சைக்கிள்களுக்கும் புதிய பிரேக் கட்டைகள் போடப்பட்டன. எங்களுக்குள் சில காலமாகவே பேச்சு வற்றிப்போயிருந்தது. பால் தீர்ந்துவிட்டது என்பதைக்கூட மகள்கள் வழியாகத்தான் சொல்லிக்கொண்டோம். ஆகவே இந்தச் சுறுசுறுப்பை நான் சமாதானத்தின் தொடக்கமாக எடுத்துக்கொண்டேன். பிரியப் போகிறோம் என்றதும் மனம் இளகிவிட்டது போலும் என்று உள்ளூர மகிழ்ந்தேன் என்பதைக் கூச்சத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவர் புறப்படவிருந்த நாளன்று காலை, எங்கள் பெரிய காரை வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பின்சக்கரங்களுக்கு நடுவே குடம்போலப் புடைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதற்கு அதுதான் இடம் கொடுக்கிறதாம். அதனுள் இருக்கும் எண்ணெயை மாற்ற வேண்டும் என்றார் கணவர். மெக்கானிக் மீட்டரை எட்டிப் பார்த்தார். நாங்கள் பாரம் இழுப்பதில்லை, வண்டியை வெள்ளத்தில் இறக்கியதும் இல்லை. ஆகையால் அடுத்த ஆண்டு மாற்றினால் போதும் என்றார்.

"நீங்களா சார் கெடுவுக்கு முன்னாடி வர்றீங்க? போன தடவை பிரேக்கு கத்திக் கதறின பிறகுதானே கொண்டாந்தீங்க?"

நான் சிரித்துவிட்டேன். கணவர் சிரிக்கவில்லை. இந்த அவசரம் எதற்கு என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

வண்டி லிஃப்டில் உயர்ந்தது. அந்தப் பெட்டியில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. மேலே இருப்பது எண்ணெய் ஊற்றுவதற்கு, கீழே இருப்பது வடிப்பதற்கு. மெக்கானிக் மேல் போல்ட்டைத்தான் முதலில் தொட்டார். அது திறக்குமா என்று பாராமல் கீழே வடித்துவிட்டால், புது எண்ணெய் ஊற்ற வழியின்றி வண்டி அங்கேயே முடங்கிவிடும் என்று விளக்கினார். போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி நெம்பியும் பலனில்லை.

"பிடிச்சுக்கிச்சு சார். அவசரமே இல்லாத வேலை. லீவுல வருவீங்கல்ல, அப்ப நிதானமா செஞ்சுக்கலாமே?"

நான் கணவரின் வாயையே பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் எந்தச் சொல்லைக் கேட்டு எரிந்து விழுந்தேனோ, அதற்காகவே இப்போது காத்து நின்றேன். அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறது என்று நான் நிம்மதியடைவேன். சொல்லுங்களேன் என்று மனத்துக்குள் மன்றாடினேன்.

"இல்ல. எவ்வளவு நேரமானாலும் பரவால்ல, இன்னைக்கே முடிச்சிடுங்க."

சூடு காட்டியதும் போல்ட் கிறீச்சிட்டுத் திறந்தது. கீழ் போல்ட்டைக் கழற்ற, எண்ணெய் தட்டில் நூலாக இறங்கியது. மெக்கானிக் அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். தேன் நிறத்தில் இருந்தது. போல்ட்டின் காந்த முனையில் மைபோலக் கொஞ்சம் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதானாம்.

"பாருங்கக்கா, ஒரு குறையும் இல்ல. இன்னும் ஓடியிருக்கும்."

நான் தலையாட்டிவிட்டுக் கணவரைப் பார்த்தேன்.

மேல் துளையில் வழியும்வரை புது எண்ணெயை ஊற்றி மூடிய பிறகு, அடுத்த முறை மாற்ற வேண்டிய காலம் நெருங்கும்போது வழக்கம்போல் சாருக்கே போன் செய்து ஞாபகப்படுத்துவதாக மெக்கானிக் சொன்னார்.

"எனக்கு வேண்டாம். இவ நம்பரை எழுதிக்குங்க," என்றார் கணவர், கைகளைத் துணியில் துடைத்தபடி. கைகளில் அழுக்கே இல்லை.

நான் என் எண்ணைச் சொன்னேன். நடுவில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

வெளியே வந்ததும் சாவியை என்னிடம் நீட்டி, நான்தான் ஓட்டிப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அத்தனை காலமும் அது என் இருக்கை. நான் கதவை மூடிக்கொண்டேன்.

"நீங்க திரும்பி வரப்போறதில்ல, அப்படித்தானே?"

அவர் எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பேசலாம்மா."

நான் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன். பின்புறம் பார்க்க அவர் உயரத்துக்கு வைத்திருந்த நடுக்கண்ணாடியை என் உயரத்துக்கு இறக்கினேன். மெக்கானிக் பழைய எண்ணெய்த் தட்டைத் தூக்கிச் சென்று, கொட்ட மனமில்லாதவர்போல் ஒரு கணம் தயங்கி, பிறகு பீப்பாயில் கவிழ்ப்பது அதில் தெரிந்தது.