சிவப்புக் கோவணம்

முனிரத்தினத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்குள் ஷிப்டு ஷிப்டாகக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தவனுக்கு, மகன் பிறந்து மூன்றாம் மாதம்தான் லீவு கிடைத்தது. குடியாத்தத்தில் மாமனார் வீட்டில் பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தான். தன் மூக்கு அப்படியே அந்தச் சின்ன முகத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானான். மறுநாளே மனைவி சம்பங்கியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டான்.

மகனுக்கென்று மைன்ஸ் கடைவீதியில் செக்கச்செவேலென்று ஒரு சீமைத்துணி வாங்கிவந்திருந்தான். பச்சைப்பிள்ளைக்கு நைந்த பழந்துணிதான் கட்டுவது என்று சம்பங்கி சொல்லிப் பார்த்தாள். தங்கம் தோண்டுகிறவன் மகன் கந்தலைக் கட்டிக்கொண்டா மைன்ஸ் லைன் வீட்டுக்குள் நுழைவான் என்று இவன் மடக்கினான். ஆசைப்பட்ட மனுஷனோடு எதற்கு மல்லுக்கட்டுவது என்று அவளும் விட்டுவிட்டாள். மொடமொடவென்றிருந்த புதுத்துணி கோவணமாகிப் பிள்ளையின் இடுப்பில் ஏறியது.

ஆம்பூர் தாண்டுவதற்குள் பிள்ளை வீறிட்டான். பால் கொடுத்தும் அடங்கவில்லை. சம்பங்கி கோவணத்தை அவிழ்த்தாள். ஈரத்தில் சாயம் இளகித் தொடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தால் சாயம் போனது, சிவப்பு போகவில்லை. தொடை இடுக்கில் தோல் கன்றிப் பொரிப்பொரியாகத் தடித்திருந்தது.

எதிரே வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அது பிளேக் வந்த வருஷம். பங்காருபேட்டையில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பிளேக் கட்டி இருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கிறார்களாம். சந்தேகம் வந்தால் குடும்பத்தோடு கொட்டகையில் அடைத்துவிடுகிறார்களாம். இடுக்கு இப்படிச் சிவந்து கிடந்தால் விடுவார்களா என்று அவள் பாட்டுக்குக் கேட்டுவிட்டு வெற்றிலையை மெல்லத் தொடங்கினாள்.

டைனமைட் திரியில் நெருப்பு வைக்கும்போது பதறாத முனிரத்தினம் பதறினான். குப்பம் ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்து போய்விடலாம் என்றான். பிள்ளையைப் புடவைக்குள் சுருட்டி மறைத்துவிடு என்றான். கொட்டகைக்குள் போன பச்சைப்பிள்ளை பிழைக்குமா என்று கேட்டு அவனே பதிலுக்கும் பயந்தான்.

"செத்த சும்மா குந்து மாமா," என்றாள் சம்பங்கி. "துணி ஒத்துக்கல, புள்ளைக்குப் புண்ணாயிடுச்சி. அவ்ளோதான். ஆத்திடலாம்."

சொம்புத் தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கழுவினாள். தேய்க்கவில்லை. பழம்புடவையின் முந்தானையால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். எண்ணெய்க் குப்பியைத் திறந்து தேங்காயெண்ணெயைத் தொட்டு இடுக்கெல்லாம் பூசினாள். பிறகு ஒன்றும் கட்டாமல், ஜன்னல் காற்று படும்படி பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டாள். ஜோலார்பேட்டைக்கு அப்பால் வண்டி மேடேற, குளிர்ந்த காற்று வந்தது. பிள்ளை அழுகையை மறந்து காலை உதைத்தான். முனிரத்தினம் மட்டும் குனிந்து குனிந்து, சிவப்பு போயிற்றா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். நீ முறைத்தால் அது இன்னும் சிவக்கும் என்றாள் அவள்.

பங்காருபேட்டையில் பெண்களைத் தட்டி மறைப்புக்குப் பின்னால் நர்ஸிடம் அனுப்பினார்கள். கைக்குழந்தைகளை டாக்டரேதான் பார்ப்பாராம், ஆண்கள் வரிசையில். சம்பங்கி பிள்ளையை அவன் கையில் வைத்தாள். "ஒண்ணையும் மறைக்காத மாமா. இன்னா ஆச்சோ அத்த சொல்லு."

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒரு கிழவனைத் தனியாக நிறுத்திவைத்தார்கள், அவன் மகன் கெஞ்சிக்கொண்டிருந்தான். முனிரத்தினத்தின் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. ஒரு சுற்று சுற்றினால் போதும், பிள்ளையின் இடுப்பு மறைந்துவிடும். துண்டை இழுத்தும்விட்டான். பிள்ளை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். துண்டை டாக்டரின் மேஜைமேல் விரித்து, அதில் பிள்ளையை வெற்றுடம்பாகக் கிடத்தினான்.

டாக்டர் முகம் சுருங்கியது. கம்பவுண்டர் என்னவென்று கேட்டான்.

"நாந்தான் சாமி பண்ணேன். ஆசையா புதுத்துணி கட்டி உட்டேன். புள்ளையப் புண்ணாக்கிடுச்சி."

டாக்டர் இடுக்கை இரண்டு பக்கமும் அழுத்தினார். அக்குளைத் தடவினார். நெற்றியில் கைவைத்தார். டாக்டர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, கம்பவுண்டர் சிரித்தான். கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை, எண்ணெய் பூசிக் காற்றாட விட்டது நல்ல காரியம். அந்தச் சிவப்புத் துணியை இனிமேல் அப்பனே கட்டிக்கொள்ளட்டும் என்று உத்தரவாம்.

முனிரத்தினம் பிளாட்பாரத்தில் ஓடவே ஓடினான். கடைசியில் தூணோரம் நின்றிருந்த சம்பங்கியிடம் டாக்டர் சொன்னது, கம்பவுண்டர் சிரித்தது, பிள்ளை கொட்டாவி விட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். உலகத்தில் அவனைவிடச் சந்தோஷமானவன் அந்த நேரத்தில் யாருமில்லை. சம்பங்கி பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள், உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீயே வெச்சிக்கோ மாமா, கீழ போட்டுடுவேன்," என்றாள். "உள்ள நர்சம்மா என் கையப் புடிச்சிப் பாத்துட்டு, ஜொரமா, ஏன் இப்படி நடுங்குதுன்னு கேட்டாங்க. ஆம்பூருலேர்ந்தே நடுங்கிட்டுத்தான் இருந்திச்சி."

வழிநெடுக அவன் பிள்ளையின் தொடையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் கையைப் பார்க்கவே இல்லை. மைன்ஸ் வண்டி வரும்வரை, ஊரே பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல், ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அவள் கையுமாக நின்றான்.