திரும்பக் கூப்பிடாத கடை

…ஆனால் இந்த ஆள் நிஜமான வாடிக்கையாளரா, உட்கார வைத்த வாடிக்கையாளரா, அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஜவுளிக்கடையில் ஈயோட்டும் நாட்களில் மாமா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கிருந்து புது ஆள் மாதிரி வேர்க்க விறுவிறுக்க வந்து உட்காருவார், 'போன தடவை எடுத்த திரைச்சீலை இன்னும் சாயம் போகலைங்க' என்பார், பக்கத்தில் தயங்கிக்கொண்டிருக்கிற நிஜ ஆள் பர்ஸைத் திறப்பான்… ஆஸ்பத்திரி மட்டும் என்ன தர்மசத்திரமா, இவர்களும் கடை விரித்தவர்கள்தானே, குளிரூட்டிய அறை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், சிரிப்பைக் கழற்றவே கழற்றாத ஒரு கவுன்சிலர் பெண், குரல்வளையை எடுத்துவிட்டு நடமாடுகிற பழைய நோயாளிகள் இரண்டு பேர், அவர்களுக்கு எதிரே எடுக்கப்போகிறவன் நான், பக்கத்தில் இவள், என் மனைவி. எடுக்கப்போகிறவன் என்று யார் சொன்னது? எடுக்கலாம் என்கிறார் டாக்டர். நான் இன்னும் சரி சொல்லவில்லை. கழுத்தில் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு துணி கட்டியிருந்த அந்த ஆள், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டராம், துணிக்கு மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, "வாங்க மொதலாளி, பயப்படாதீங்க, உள்ள நிறைய இடம் இருக்கு, முன்னாடி போங்க" என்றார், கிணற்றுக்குள் போட்ட ரேடியோ மாதிரி ஒரு குரல், இவள் சிரித்துவிட்டாள், நான் சிரிக்கவில்லை. முதல் வார்த்தையிலேயே சிரிக்க வைப்பது மாமாவின் வேலை.

நான் வாயைத் திறக்கப் போவதில்லை, அதுவும் கணக்குதான். விலை பேசும்போது முதலில் வாயைத் திறக்கிறவனுக்கு அவசரம், அவசரக்காரனை உரிச்சுடலாம், இது அப்பா எனக்குக் கல்லாவில் உட்கார இடம் கொடுத்த அன்றே சொன்னது, வேறு எதுவும் அவர் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. கடைவீதியில் எனக்குப் பெயரே வெங்கலம், நான் 'வாங்கம்மா' என்றால் எதிர்ச்சாரியில் செருப்பு போட்டுப் பார்க்கிற பெண் ஒரு காலோடு திரும்பிப் பார்ப்பாள், இப்போது அந்த வெங்கலம் ஓட்டை விழுந்த அண்டா மாதிரி கரகரக்கிறது, சரி, கரகரத்தாலும் என் அண்டா. போன மாதம் டாக்டரிடம் நான் பேசினது தப்பா? முழுசா எடுத்துடணும் என்றார். ஆரம்ப விலை அப்படித்தான் சொல்வார்கள். பாதி விட்டு வையுங்க, பார்த்துச் செய்யுங்க டாக்டர், என்றேன். கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தாச்சு, கட்டி திரும்பி வந்திருக்கு, இனிமே பாதி கீதி கிடையாது, இது துணி இல்லைங்க கிழிச்சுக் கொடுக்க, என்றார். நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்றால், பிடித்த துணியை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுகிற வாடிக்கையாளர் மாதிரி, அவசரமில்லாமல், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. வாசல்படி தாண்டுவதற்குள் எந்தக் கடையிலும் கூப்பிட்டுவிடுவார்கள். 'சரி வாங்க, உங்களுக்காக' என்ற அந்தக் குரலுக்காக என் முதுகு காத்துக்கொண்டே வந்தது, காரிடாரில் காத்தது, லிஃப்ட் கதவு திறந்தும் ஏறாமல் காத்தது… உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். அடுத்த ஆளை.

அந்தக் கடை என்னைக் கூப்பிடவே இல்லை, நானாக இன்று வந்து நிற்கிறேன், கூப்பிடாத கடைக்குத் திரும்பி வருகிறவனுக்கு என்ன விலை சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? புதுப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார், போன தடவை இதுவரை, இப்ப இதுவரை. நான் முறுக்கிக்கொண்டு திரிந்த நாளெல்லாம் அது சும்மா இருக்கவில்லை. இன்னும் தள்ளினா நான் கை வைக்க முடியாத இடத்துக்குப் போயிடும், அப்புறம் நீங்க கேட்டாலும் என்கிட்ட கிடையாது. ஏற்கெனவே எடுத்துக்கிட்டவங்களோட உட்கார்ந்து பேசிட்டு வாங்க, இன்னிக்கே எனக்கு ஆமாவா இல்லையான்னு தெரியணும். அவ்வளவுதான் சொன்னார், குரலை உயர்த்தக்கூட இல்லை. வியாபாரம் செய்யத் தெரியாத மனுஷனிடம் எப்படி வியாபாரம் செய்வது?

"குளிக்கறதெல்லாம் எப்படிண்ணே?" இவள்தான் கேட்கிறாள், எல்லாம் இவள்தான் கேட்கிறாள், நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் நீட்டி வைத்திருக்கிறேன். கண்டக்டர் விரலை அழுத்தினார். "கழுத்துக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது தங்கச்சி, ஓட்டை நேரா நுரையீரலுக்குப் போகுது, ஒரு சொம்பு உள்ள போனா குளியல் இல்ல, சமாதி. ஒரு மூடி இருக்கு, மாட்டிக்கிட்டு குளிக்கணும்." மூச்சு? "இங்கதான்." தும்மல்? "அதுவும் இங்கதான். மூக்கு இப்ப கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்." சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாதாம், வாயில் காற்றே வராதாம், ஆறும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். வாசனை பாதிக்கு மேல் போய்விட்டது, அடுப்பில் கருகினால் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. கனமாகத் தூக்க முடியாது, மூச்சைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தேன். உட்கார வைத்த ஆள் சரக்கின் குறையைச் சொல்ல மாட்டான், மாமா ஒரு நாளும் சொன்னதில்லை, இந்த ஆள் குறையாகவே அடுக்குகிறார்… அப்படியானால் நிஜம். அல்லது மாமாவைவிடக் கெட்டிக்காரர். துணிமூட்டையை இறக்கி வைக்கும்போது அடிவயிற்றில் மூச்சைப் பிடித்து ஒரு 'ஹும்' போடுவேனே, அந்த 'ஹும்' கூடப் போய்விடுமா? ஒரு 'ஹும்'முக்குப் போய் இப்படி மனசு கிடந்து அடித்துக்கொள்ளுமா?

வீட்டில் எப்படி என்று கேட்டாள் இவள், என்னைப் பார்க்காமல். "சண்டைதான் சிரமம்" என்றார் கண்டக்டர். "பேசணும்னா இந்த ஓட்டையை விரலால அடைக்கணும் இல்லையா. எங்க வீட்டம்மா ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுட்டா. சண்டை சூடாச்சுன்னா வந்து என் கையைப் பிடிச்சுக்கறா. அவ்வளவுதான், பஸ் நின்னுடுச்சு." தோளைக் குலுக்கிச் சிரித்தார், சத்தமே இல்லாத சிரிப்பு, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. இவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அவள் பார்வை என் கையில் வந்து உட்கார்ந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன்? இவள் என் கையைப் பிடித்தது கடைசியாக எப்போது… சண்டை என்று ஒன்று எங்களுக்குள் வந்ததே இல்லை, சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும். அவள் கோபித்தால் நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்துவிடுவேன், சாயங்காலத்துக்குள் அவளே இறங்கி வருவாள், ஒவ்வொரு தடவையும் வந்தாள், அதை ஜெயம் என்றுதான் நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மற்றவர் பள்ளிக்கூடத்து டீச்சர். கண்டக்டர் ஓட்டைக்குள் வைத்திருக்கிற பேச்சு வால்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், சவரம் பண்ணுகிற மெஷின் மாதிரி ஒன்றைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார், உதடு அசைந்தது, மெஷின் பேசியது. ஒரே சுருதி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, இஸ்திரி போட்ட குரல். "என் பொண்ணு கேட்கறா சார், அம்மா, நீ கோபமா சொல்றியா கிண்டலா சொல்றியான்னு. நான் கொஞ்சினாலும் அவளுக்குத் தந்தி வாசிக்கற மாதிரி இருக்குதாம்." நான் நிஜமாகப் பயந்தது அந்த இடத்தில்தான், ஓட்டைக்கு இல்லை, குளியலுக்கு இல்லை. 'கட்டாதுங்க' என்று ஒரு வார்த்தை, அதை இழுத்துச் சொன்னால் இன்னும் கொஞ்சம் ஏறி வா என்று அர்த்தம், வெட்டிச் சொன்னால் நடையைக் கட்டு, சிரித்துக்கொண்டு சொன்னால் நீயும் நானும் பழைய சிநேகிதர்கள், பெருமூச்சோடு சொன்னால் துணியை மடித்துக் கட்டச் சொல்லிவிட்டேன். என் பிழைப்பு வார்த்தையிலா இருக்கிறது? அந்த இழுப்பில் இருக்கிறது, மூச்சில் இருக்கிறது. இஸ்திரி போட்ட 'கட்டாதுங்க'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், விலைச்சீட்டு ஒட்டிய கடை மாதிரி உட்கார்ந்திருப்பேனா, வந்தவன் படித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போவானா… அப்படியானால் வேண்டாம். உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இருக்கிறவரை வெங்கலமாக இருந்துவிட்டு…

கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் போல. டிக்கெட் எடுக்காதவனைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கிற கண். எனக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதைக் கட்டைவிரலால் காட்டிவிட்டு, அதே கட்டைவிரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். "இதுல ஒரு வாத்தியக்காரர் உட்காருவார், மொதலாளி. பாட்டும் பாடுவார். உங்களை மாதிரிதான், இன்னொரு டாக்டர், இன்னொரு மருந்து, யோசிச்சு சொல்றேன், யோசிச்சு சொல்றேன்னு. எங்களைப் பார்த்தா அவருக்குப் பாவமா இருக்கும். ரொம்ப அழகா பேசுவார், நாங்க ரெண்டு பேரும் வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்போம்." விரலை எடுத்தார், மூச்சு வாங்கினார், கழுத்தில் புஸ் என்று ஒரு சத்தம், மறுபடி வைத்தார். "குரலோடவே போயிட்டார்." கவுன்சிலர் பெண்ணின் சிரிப்பு கழன்று விழுந்தது, அதையெல்லாம் சொல்ல வேண்டாமே அண்ணே, என்றாள் மெதுவாக. அப்போதுதான் எனக்கு நிச்சயமானது, இந்த ஆளை யாரும் உட்கார வைக்கவில்லை. நாற்காலி வெறும் நாற்காலி, உட்காரும் இடம் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான், ஆனாலும் நான் முழங்காலை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டேன்.

கிளம்பும்போது டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார், மெஷினைத் தாடையில் வைத்தார். "உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க சார். உங்க குரல்ல எதையாவது போன்ல பதிஞ்சு வைங்க. நான் வைக்கலை. எப்பவோ ஒரு மாணவன் விளையாட்டா எடுத்தது மட்டும் இருக்கு. அதுல நான் பின் பெஞ்சைப் பார்த்து வாயை மூடுங்கடான்னு கத்தறேன். என் குரல்னு உலகத்துல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். என் பொண்ணு அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்கறா." இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, அழுதுகொண்டு சொன்னாரா? மெஷினில் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச், அதில் நான், பக்கத்தில் இவள். உள்ளே யாரோ இருக்கிறார்கள், கதவு மூடியிருக்கிறது. சரி என்றுதான் சொல்லப் போகிறேன், அது எப்போது முடிவானது என்று தெரியவில்லை, அந்தக் காலி நாற்காலியிலா, டீச்சரின் பெண் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த 'வாயை மூடுங்கடா'விலா… இவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள், எதையோ தேடினாள், தட்டினாள், திரையில் சிவப்பாக ஒரு பொட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தாள். பேசுங்க என்றுகூடச் சொல்லவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். என்ன சொல்வது? மகளுக்கு ஏதாவது… ஊர்விட்டு ஊர் போய் இருக்கிற மகளுக்கு நான் போனில் சொல்வது 'அம்மாகிட்ட கொடுக்கறேன்' மட்டும்தான், அதைவிட நீளமாக என்ன சொல்வார்கள் அப்பாக்கள்? இவளுக்கு ஏதாவது… தொண்டையில் வருவதெல்லாம் கடைப்பேச்சு, உட்காருங்க, பாருங்க, காசா பெரிசு, எடுத்துக் காட்டறதுக்கு என்ன, முழுத் துணியாக விரிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் துண்டு துண்டாக. போன் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மூச்சு மூக்கு வழியாகப் போய் வருவது அதில் விழுந்திருக்கும், இன்னும் கொஞ்ச நாள் கழித்து அதுவே அதிசயமாக இருக்கும். இவள் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறாள். அந்த உட்காரல்… கண் வேறு பக்கம், முதுகு நேராக, அவசரம் எதுவும் இல்லாத முகம்… இது என்னுடையது. கல்லாவில் நான் உட்காருகிற உட்காரல். எப்போது எடுத்துக்கொண்டாள் இதை? இத்தனை வருஷமாக எதிரே இருந்து பார்த்துப் பார்த்து, தைத்துக்கொண்டு, இன்றைக்குத்தான் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள், இன்றைக்கு இறங்கி வர மாட்டாள், சாயங்காலம் ஆனாலும் வர மாட்டாள். நான்தான் வாயைத் திறக்க வேண்டும். நெஞ்சில் ஏதோ பெரிதாக ஒன்று கிளம்பி வந்தது, இதோ, இதுதான், பெயர் சொல்லிக் கூப்பிட்டு…

"நீ முதல்ல சொல்லு" என்றேன்.

கதவு திறந்தது, நர்ஸ் உள்ளே வரச் சொன்னாள். இவள் குனிந்து சிவப்புப் பொட்டை அணைத்தாள், சேமிக்கவா என்று போன் கேட்டிருக்க வேண்டும், ஒரு கணம் விரல் நின்றது, பிறகு தட்டினாள், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள், எழுந்தாள். நானும் எழுந்தேன். கதவு வரை கொஞ்சம்தான் தூரம், அதற்குள் இவள் கூப்பிட்டு இன்னொரு தடவை எடுப்போமா என்று கேட்டுவிடுவாள் என்று என் முதுகு காத்துக்கொண்டே போனது… பின்னால் அவள் செருப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.