சிவநேசனின் சிவப்புக் கட்டம்

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை, கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கின் வாசல் கேமரா தம்புசாமியை யாரென்று தெரியவில்லை என்று சொன்ன அதே நேரத்தில், தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பல் துலக்கிக்கொண்டிருந்த சிவநேசனின் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. பென்சில் கோட்டின் தடிமன்தான். நான்கு மூலைகளும் ஒழுங்காக இருந்தன. விரலை விட்டால் விரல் கோட்டைக் கடந்து மறுபக்கம் வந்தது. குனிந்தால் கூடவே குனிந்தது, திரும்பினால் திரும்பியது. தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தார், பிறகு டெட்டால் போட்டுக் கழுவினார். மழை வரும்போலிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

சிவநேசனைத் தெரியாதவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் குறைவு. கிள்ளானை அடுத்த பண்டமாரானில் லோரி ஓட்டுநர் மகனாகப் பிறந்து, கணினிக்குக் கண் கொடுக்கும் படிப்பைப் படித்து, கேமராவில் விழும் முகம் இன்னாருடையது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்கிற கம்பெனியில் பெரிய பொறியாளராக இருந்தார். சனிக்கிழமைகளில் ஒரு புடவைக் கடையின் மாடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி வகுப்பு எடுத்தார். மிச்ச நேரத்தில் பேனாவால் முகங்கள் வரைந்தார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய், வேண்டுதலுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வருகிறவர்களை ஓர் ஓரமாக உட்கார்ந்து வரைவார். அந்தப் படங்களைச் சட்டம் போட்டு வகுப்புச் சுவரில் மாட்டியிருந்தார். ஒருமுறை பார்த்த முகத்தை மறக்கமாட்டார் என்று பெயர். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஊர் ஓய்ந்துவிட்டது.

கட்டத்தை ஊர் எடுத்துக்கொண்ட விதம்தான் அவரை முதலில் வதைத்தது. எல்ஆர்டி ரயிலில் மூலை இடித்துவிடுமோ என்று ஆட்கள் தள்ளி நின்று இடம் விட்டார்கள். முடி வெட்டும் நூர் முகமது கத்தரி தாராளமாகப் போகிறது, கோடுதான் அறுபடவில்லை என்று நாலு பேரிடம் சொன்னார். இது என்னவென்று கேட்டவர்களிடம், கம்பெனியில் நடக்கும் புது ஆராய்ச்சி என்று சிவநேசன் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நம் ஆள் ஒருவன் எதையோ கண்டுபிடித்துவிட்டான் என்று எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. பூக்கடை அக்கா மாலை போட்டார். கட்டம் நன்றாகத் தெரியும்படி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகை அவரைப் பற்றிக் கால் பக்கம் எழுதியது. அதைப் படித்த அன்று சிவநேசன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று அவருக்குத் தெரியும். யாரென்று தெரியாத முகத்தைச் சுற்றி அவர் கம்பெனிக் கேமரா போடுகிற கட்டம் அது. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான்.

விஷயம் இதுதான். தைப்பூசத்துக்குச் சில மாதங்களுக்கு முன், துறைமுகக் கிடங்கின் வாசலுக்கு அந்தக் கேமராவைத் தயார் செய்தபோது, கூட்டத்தில் மேலாளர் ஒரு கேள்வி கேட்டார். வேலையாட்களின் முகம் திடீரென்று மாறிப்போக ஏதாவது வாய்ப்பு உண்டா? தலைக்கவசம், முகக்கவசம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் பேசினார்கள். விசாவில் வந்து வேலை செய்த கோயம்புத்தூர்ப் பெண் அனுப்பிரியா, இங்கே தைப்பூசத்துக்கு நிறையப் பேர் மொட்டை போடுகிறார்களே, மீசையும் போய்விடுமே, அந்த முகங்களைச் சேர்க்கவில்லையா என்று கேட்டாள். எல்லோரும் சிவநேசனைப் பார்த்தார்கள். அந்தக் கம்பெனியில் அவர் இத்தனை வருடமும் தைப்பூசத்துக்கு விடுப்பு எழுதும்போது சொந்த வேலை என்றே எழுதியவர். அலகு குத்துவதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது வியப்பாக விசாரித்தால் பேச்சை மாற்றுகிறவர். அதெல்லாம் யாரோ சிலர்தான் செய்வார்கள், அதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.  பண்டமாரானில் எத்தனை தலை மொட்டையாகும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

தம்புசாமி அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முந்தின வருடம் அவர் மகள் மலர்விழிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, பிழைப்பாளா என்று டாக்டரே தயங்கியபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டார். அந்தக் காவடியை எடுத்து, மொட்டையும் போட்டுவிட்டுத்தான் மறுநாள் வேலைக்குப் போனார். கேமரா அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டது, கதவு திறக்கவில்லை. தினமும் கூடவே டீ குடிக்கிற நேப்பாளிக் காவலாளிக்கு அவரை நன்றாகத் தெரியும், ஆனால் கதவு காவலாளி பேச்சைக் கேட்பதில்லை. மொட்டை போட்ட மற்றவர்களும் வெயிலில் நின்றார்கள். முடி வளர்ந்ததும் வாருங்கள் என்று, கிடங்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போனில் சொன்னான். முடி வளர்வதற்குள் அவர் வண்டியில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான்.

மலர்விழி சிவநேசனின் சனிக்கிழமை மாணவி. வகுப்பு முடிகிற நேரத்தில் எழுந்து கேட்டாள்.

"சார், எங்கப்பா வேல செய்ற எடத்துல மொட்ட போட்டவங்கள மட்டும் கேமரா தெரியலன்னு சொல்லுது. ஏன் சார் அப்படி?"

காட்டிய முகங்களிலிருந்துதான் கணினி கற்றுக்கொள்ளும், காட்டாத மாதிரி முகம் வந்தால் தடுமாறும் என்று அவர் பலகையில் படம் போட்டு விளக்கினார். நல்ல விளக்கம்தான்.

"அப்ப மொட்ட போட்ட மூஞ்சிய ஏன் சார் யாரும் காட்டல?"

"செஞ்சவங்களுக்கு நம்ம பழக்கம் தெரிஞ்சிருக்காதும்மா."

அவள் தலையாட்டிவிட்டு, சுவரைக் காட்டிச் சந்தோஷமாகச் சொன்னாள். "அந்தக் கடைசிப் படம் எங்கப்பாதான் சார். எப்பவோ ஒரு தைப்பூசத்துல வரைஞ்சிருக்கீங்க. மொட்டையில கூட அப்படியே இருக்காரு."

கட்டம் அப்போது விரல் தடிமனுக்குப் பருத்தது. வகுப்பே பார்த்தது. சிவநேசன் பலகையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மறுநாள் அவர் பண்டமாரானுக்குப் போனார். மகளின் வாத்தியார் வந்திருக்கிறார் என்று தம்புசாமி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் மனைவி மாரியாயி மைலோ கலக்கப் போனாள். சிவநேசன் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். கேமரா செய்தது தான்தான், கேட்டபோது தெரிந்தே இல்லை என்றது தான்தான், அந்த அறையில் வெட்கப்பட்டுச் சொன்னது என்று. தம்புசாமி கத்தவில்லை.

"வேற நாட்டுக்காரன் எவனோ செஞ்ச மிஷின்னு நெனச்சேன் சார். அவனுக்கு நம்ம பூசத்தப் பத்தி என்னா தெரியும்னு விட்டுட்டேன். நீங்களா?"

பிறகு அவர் சிவநேசனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் திரும்ப வரவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் சிவநேசன் எழுந்து நின்று, இவ்வளவு காலம் சொல்லாததைச் சொன்னார். அனுப்பிரியா தலை நிமிராமல் குறித்துக்கொண்டாள். மொட்டை முகங்களைச் சேர்த்து, அடுத்த பூசத்துக்குள் கதவைச் சரிசெய்தார்கள். தம்புசாமியைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி சிவநேசன் அலைந்த அலைச்சலுக்குப் பலனில்லை. அது ஏஜென்டின் விவகாரம் என்று ஒவ்வொரு அலுவலகமும் கைகாட்டிவிட்டது. தம்புசாமி கிள்ளானில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டப் போனார். இனி மறைந்துவிடும் என்று சிவநேசன் காத்திருந்த கட்டம் அப்படியே இருந்தது.

கதவைச் சரிசெய்த சேதியோடு அவர் மறுபடி பண்டமாரானுக்குப் போனபோது, தம்புசாமி வாசலில் நின்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். கோபம் என்றுதான் சிவநேசன் நினைத்தார். இல்லையென்று மலர்விழி சத்தியம் செய்தாள். அப்பாவுக்குக் காவலாளியைத் தெரிகிறது, ஐஸ்காரரைத் தெரிகிறது, சார் முகம் மட்டும் நினைவில் நிற்கவில்லை என்றாள். கண் டாக்டரிடம் காட்டினார்கள், பார்வையில் குறையில்லை. பத்திரிகைப் படத்தைக் காட்டினால், கட்டத்துக்குள் இருக்கும் இந்தத் தம்பி யார் என்று கேட்டார். அன்றும் சிவநேசன் தன் பெயரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தம்புசாமி முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டு, முகம் வாடி, எழுந்து உள்ளே போனார். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த வாரமும். சொல்லிவிட்டு வரும் வழியில் சிவநேசனுக்கு மனம் கொஞ்சம் லேசாக இருக்கும். அதை அவர் ஒருவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் மாரியாயி கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"நீங்க சொல்லிட்டுப் போயிருறீங்க சார். அவருக்கு ஒவ்வொரு வாட்டியும் புதுசா வலிக்குது. வர்றதுன்னா வாங்க, ஆனா புள்ளைக்கு வாத்தியாரா மட்டும் வாங்க. மத்தத நீங்களே வச்சிக்கிங்க."

இப்போது மலர்விழி பூச்சோங்கில் கல்லூரிக்குப் போகிறாள். சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள், கட்டம் பலகையை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் சார் என்பார்கள், அவரும் தள்ளி நிற்பார். வகுப்பு முடிந்ததும் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளான் போய், அங்கிருந்து பண்டமாரான் போகிறார். மலர்விழியின் வாத்தியார் என்று சொல்கிறார். தம்புசாமி அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போடுகிறார். உங்களைப் போல ஒரு ஆள் கிடைக்க எம்புள்ள குடுத்து வச்சிருக்கணும் என்று கைகூப்புகிறார். சிவநேசன் உட்கார்ந்து, கோப்பை காலியாகும்வரை மைலோவைக் குடிக்கிறார்.